வளைவுக்கு ஒரு வார்த்தை

அரசாங்க வேலைக்கு உத்தரவு வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். எந்த ஊரில் வேலை என்று படித்துப் பார்த்ததும், குடித்த பாயசம் வயிற்றுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. கொல்லிமலை. மேலே ஒரு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். சேந்தமங்கலத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலை கண்ணுக்கு எதிரேதான் தெரியும். ஆனால் போய்ச் சேர எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். நானோ மாரியம்மன் பண்டிகையில் குடைராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிற ஆள்.

எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், தொப்புளில் விளக்கெண்ணெய் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாம் செய்தேன். எல்லாமே பத்தாவது வளைவுக்குள் தோற்றுப்போயின. மாத்திரை போடவில்லையா என்று கேட்காதீர்கள். ஊருக்கெல்லாம் வாந்தி மாத்திரை எடுத்துக் கொடுப்பதே என் வேலை. எனக்கு மட்டும் அது கேட்கவில்லை. மேலே போய் இறங்கும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பேன். "மாத்திரை குடுக்கற அம்மாவே வாந்தி எடுத்துட்டு வருது, நமக்கு என்ன கேக்கப் போவுது?" என்று என் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டது எனக்கு நன்றாகவே கேட்டது.

மேலேயே அறை எடுத்துத் தங்கலாம்தான். கீழே அம்மா தனியாக இருந்தார். அதனால் தினமும் ஏறி இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். விடுவது என்றே முடிவு செய்தேன். வருடக்கணக்காகப் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அதை ஒரு மலைப்பாதைக்குப் பயந்து விடப்போகிறேனே என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அந்தக் காலையில்தான் கண்டக்டர் என்னிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க, கைய நீட்டுங்க."

டிக்கெட் அப்போதே வாங்கிவிட்டேன் என்றேன்.

"டிக்கெட் இல்லீங்க. எழுத்து. அஞ்சு வெரலையும் விரிங்க. கட்டை வெரல்ல டி. அடுத்ததுல வா. நடுவெரல்ல பி. மோதிர வெரல்ல ம். சுண்டு வெரல்ல த. கலைஞ்சு கெடக்குது, அடுக்கினா ஒரு வார்த்தை வருமுங்க. குனிஞ்சு வெரலப் பாக்கக் கூடாது. ரோட்டப் பாத்துட்டே யோசிங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சாகக் கிடக்கிறவளிடம் வந்து விளையாடுகிறாரே இந்த மனிதர் என்று முறைத்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த ஆளின் விரல்களுக்குப் போய்விட்டார். முறைத்துக்கொண்டே இருந்தாலும் விரல்கள் தாமாக அசைந்தன. வாடி. பிடி. வாதம். சட்டென்று கிடைத்தது. வெளியே ஒரு வளைவுப் பலகை போனது. வழக்கமாக நான் ஜன்னலில் தொங்குகிற இடத்தையெல்லாம் எப்போதோ தாண்டி வந்திருந்தோம்.

"பிடிவாதம்!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன்.

பின்சீட்டு வரிசை முழுவதும் என்மேல் பாய்ந்தது. அவர்கள் எல்லோருக்கும் அதே எழுத்துகள்தாம் கொடுக்கப்பட்டிருந்தன. வார்த்தை கிடைத்துவிட்டால் கையை மூடிக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த பஸ்ஸின் சட்டம். புது ஆளான எனக்கு அது தெரியவில்லை.

"சரி, சொன்னது சொல்லிப்போட்டீங்க. அர்த்தம்?" என்றார் கண்டக்டர்.

"பிடிவாதம்னா பிடிவாதந்தானுங்க."

"அது போதாதுங்க. யோசிச்சு வைங்க, வாரேன்."

பாதி மலை வரைக்கும் யோசித்துவிட்டு, "எறங்கி ஓடிப்போயிருன்னு வயிறு சொல்லியும் கேக்காம பஸ்ஸுலயே உக்காந்திருக்கறது" என்றேன். "அப்படிப் போடுங்க!" என்று தலையை ஆட்டினார். அன்றைக்கும் வாந்தி எடுத்தேன். ஆனால் ஒரே ஒரு தடவைதான். வேலையை விடுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தேன். பிறகு அதை யார் நினைத்தார்கள்?

கண்டக்டர் ஆள் நெடுநெடுவென்று இருப்பார். பஸ் கூரைக் கம்பி இடிக்காமல் இருக்கத் தலையைச் சாய்த்தே நடந்து நடந்து, தரையில் இறங்கினாலும் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அடிவாரத்தில் காரவள்ளி சோதனைச் சாவடி வருவதற்குள் டிக்கெட் வேலை எல்லாவற்றையும் முடித்துவிடுவார். சாவடியில் பஸ் நிற்கும்போது டிக்கெட் மெஷினைப் பைக்குள் வைத்து மூடி, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, பந்தியில் பரிமாறப் போகிறவர் மாதிரி நடுவில் வந்து நிற்பார். முதல் வளைவில் பஸ் திரும்பும்போது முதல் எழுத்து விழும்.

மருந்து கொடுக்கிறவள் என்பதால் சொல்கிறேன், அவர் அளவு பார்த்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர். முன்சீட்டில் ஆட்டம் குறைவு. அங்கே 'சி, ன், அ, னா' என்று அன்னாசி மாதிரி சின்னதாகப் போடுவார். பின்சீட்டுக்கு ஐந்து, ஆறு எழுத்துக்குக் குறைந்து கொடுக்கவே மாட்டார். "மூணெழுத்து ஒரு வளைவுக்குக்கூடத் தாங்காதுங்க. கையில வாங்கறதுக்குள்ள கரைஞ்சு போயிரும்" என்பார். வார்த்தை கண்டுபிடிக்கப் பாதி மலை, அர்த்தம் சொல்ல மீதி மலை. இதுதான் அவர் கணக்கு. அர்த்தத்தில்தான் சண்டை வரும், சண்டை போடுகிறவனுக்கு வாந்தி வராது என்பது அவர் கண்டுபிடிப்பு.

ஒரு நாள் பின்சீட்டுக்கு 'ம, தி, ம், நி' என்று நாலே எழுத்து கொடுத்தார். என்ன இன்றைக்குக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். எல்லோரும் இரண்டு வளைவுக்குள் கையை மூடிவிட்டோம். அர்த்தம் கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டோம். நிம்மதி என்றால் என்ன என்று ஒரு பஸ் ஆட்களும் திணறினார்கள். "கடன் இல்லாம இருக்கறது" என்றார் ஒருவர். "கடன் இல்லாதவனுக்கு மட்டும் நிம்மதி வந்துருச்சாக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். கடைசியில் ஒரு அம்மா, "சோளக்காட்டுல எறங்கி, பூமி சுத்தாம நிக்கறதுங்க" என்றார். வளைவெல்லாம் முடிந்து பஸ் நிற்கிற மலையூர்தான் சோளக்காடு. "கூட ஒரு டீயும் வேணுமுங்க" என்று டிரைவர் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். கண்டக்டர் இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்.

இன்னொரு நாள் ஆறு எழுத்து: கி, வை, ம், ரா, ய, க். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மற்றக் கையில் ஐந்து விரல்தானே? ஆறாவது எழுத்தைப் பக்கத்தில் இருப்பவரின் கட்டை விரலில் வைத்துவிடுவார். மலைமேல் இருக்கிற குண்டனி நாட்டுக்காரப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கட்டை விரலை வளைவுக்கு வளைவு பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். வைராக்கியம் என்று அந்தக் கட்டை விரல்காரரே முதலில் கையை மூடினார். அவர் சொன்ன அர்த்தம்: "எங்கண்ணங்கூட வருசக்கணக்கா பேசாம இருக்கறன் பாருங்க, அதானுங்க."

"அது வெறும் ரோசமுங்க" என்றாள் அந்தப் பெண். "எங்கூட்டுக்காரரு பீடிய உட்டுப்போட்டாரு, திரும்பத் தொடவே இல்ல. அதானுங்க வைராக்கியம்."

"எதுக்கு உட்டாரு?"

"உடற வரைக்கும் நான் பேசாம இருந்தனே, அதுக்குத்தான்."

"அப்ப நாஞ் சொன்னதுதானுங்க கண்டக்டரு!" என்று அவர் எழுந்து நின்றார். பஸ் திரும்பியது, எழுந்தவர் அந்தப் பெண்ணின் சாமைச் சிப்பத்தின் மேல் போய் உட்கார்ந்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் விலா வலித்தது.

விடையை அவர் யாருக்கும் சொல்ல மாட்டார். அதில் மட்டும் ஆள் கல். கெஞ்சினாலும் சொல்ல மாட்டார், திட்டினாலும் சொல்ல மாட்டார். ஒரு மிளகு வியாபாரி காலையில் விடை தெரியாமலேயே இறங்கிப்போனார். மாலையில் நாங்கள் கீழே இறங்கும்போது, இடையில் மிளகு விற்கக் கீழே போயிருந்த அவர் வேறொரு பஸ்ஸில் ஏறி வந்துகொண்டிருந்தார். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பதால் எங்கள் பஸ் வளைவில் ஒதுங்கி நின்றது. அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "கேழ்வரகுங்களா?" என்று கத்தினார். கண்டக்டர் இல்லையென்று தலையாட்டினார். "அட போங்க!" என்றபடியே அவர் மேலே போனார். மறுநாள் காலையில் விற்க ஒரு மணி மிளகுகூட இல்லாமல், விடைக்காகவே கீழே வந்து எங்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு தாய் தன் பெண்குழந்தைக்காக எழுத்துகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கினாள். அடுத்த முறை பார்த்தால் அந்தத் தாள் மடிக்கப்பட்டு, மஞ்சள் நூலில் கோக்கப்பட்டு, குழந்தையின் கழுத்தில் தாயத்தாகத் தொங்குகிறது. "கட்டுனதுல இருந்து வாந்தியே இல்லீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கண்டக்டருக்கு முகமே செத்துப்போயிற்று. "அவுத்துப் படிங்கம்மா, அவுத்துப் படிங்க" என்று மேலே போகிற வரை மன்றாடிக்கொண்டே வந்தார். தாயத்தை எங்கேயாவது அவிழ்ப்பார்களா? அந்தக் குழந்தைக்கு வாந்தி வராததென்னவோ உண்மைதான்.

அவருக்குப் பிடிக்காத ஒரே சாதி, பஸ்ஸில் தூங்குகிறவர்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது பையை வேண்டுமென்றே கம்பியில் தட்டிக்கொண்டு போவார். இது நியாயமில்லை என்று நான் சொன்னதுண்டு. "நான் என்னுங்க பண்ணுனேன், பை தட்டுச்சு" என்பார்.

நானும் ஒருமுறை அவரை மடக்கிப் பார்த்தேன். ரை, தி, மா, த். சொல்லி முடிப்பதற்குள் கையை மூடிவிட்டார். அர்த்தம் என்ன என்று விடாமல் கேட்டேன். "மருந்தம்மாவுக்கே வேலை செய்யாததுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. அதன்பின் மலை முழுக்க எனக்கு மருந்தம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நடுவில் ஒரு சமயம் அவரைச் சேலம் ரூட்டுக்கு மாற்றினார்கள். நல்ல ரோடு, நல்ல வண்டி; கண்டக்டர்கள் கேட்டு வாங்குகிற ரூட். எங்களுக்கு வந்த புதுக் கண்டக்டர் வாந்தி எடுக்கிறவர்களைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். என் கைப்பைக்குள் மறுபடியும் எலுமிச்சம்பழம் குடியேறியது. கொஞ்ச நாளில் பழையவரே யார் யாரிடமோ கெஞ்சி, மலைக்கே திரும்பி வந்துவிட்டார். ஆள் இளைத்திருந்தார்.

"ஏனுங்க, சேலம் ரூட்டு நல்லாத்தான இருந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"எங்கீங்க! ரோடு நேராப் போகுது. ஏறுன ஒடனே ஆளுக தூங்கிப்போயிடறாங்க. கைய நீட்டுங்கன்னா சில்லறை குடுக்கறாங்க."

"ஊட்டுல எழுத்துப் போட்டிருக்கலாமுல்ல?"

"ஊடு எங்கீங்க வளையுது?" என்றார் வருத்தமாக.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தேன். ஒரு நாள் சிரிப்பு நின்றுபோகப் பார்த்தது.

யாரோ ஒரு வெளியூர்ப் பயணி, கண்டக்டர் வேலையைப் பார்க்காமல் பயணிகளின் விரலைப் பிடித்து விளையாடுகிறார் என்று புகார் கொடுத்துவிட்டார். மலை ஏறும்போது கண்டக்டர் தன் சீட்டில் உட்கார்ந்தே வர வேண்டும், நடமாடக் கூடாது, பயணிகளோடு பேசக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரே பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண்டக்டரின் சீட் கடைசியில், பின்வாசலை ஒட்டி. பஸ்ஸில் அதிகம் ஆடுகிற இடம் அதுதான்.

காரவள்ளியில் பஸ் நின்றபோது டிரைவர் கீழே இறங்கி, டயரைப் பார்ப்பதுபோல என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். கண்டக்டரோடு பல வருடம் ஓடியவர்.

"அம்மணி, ஒரு விசயம். ஆருகிட்டயும் சொல்லாத. அவனுக்கே தலைசுத்துமம்மணி. வந்த புதுசுல தெனமும் வாந்திதான். எழுத்துப் போட்டுத்தான் தப்பிச்சுட்டு இருக்கறான். இன்னைக்குச் சும்மா உக்காந்து வந்தான்னா எடுத்துருவான். இந்த ஆளு பாத்துட்டா, மலைக்கு லாயக்கில்லைன்னு கீழ போட்டுருவாங்க. அப்பறம் மேல வர முடியாது."

உங்களுக்கு வாந்தியே வராதுங்களா என்று நான் ஒரு நாள் கேட்டதற்கு, "எனக்கு எங்கீங்க அதுக்கு நேரம்?" என்று சொல்லியிருந்தார். தமாஷ் என்று நினைத்துச் சிரித்திருந்தேன். ஒரு வார்த்தையை ஏன் இரண்டாம் முறை கொடுப்பதே இல்லை என்பதும் இப்போதுதான் விளங்கியது. பழைய வார்த்தை எங்களுக்குப் புதிதாக இருக்கலாம், அவரைக் காப்பாற்றாது. வளைவுக்கு வளைவு புதிதாக ஒன்றைக் கலைத்துக்கொண்டே இருந்தால்தான் அவருடைய வயிறு சும்மா இருக்கும்.

பஸ் ஏற ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். கண்டக்டர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார். ஐந்தாறு வளைவுக்குள் நெற்றியில் வியர்வை பூத்துவிட்டது. அவருக்கு எதிர் சீட்டில், மலைச் சந்தைக்குப் போகிற கருவாட்டுக்காரம்மா வேறு கூடையைக் காலடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் நெத்திலி வாசம் பின்சீட்டு முழுக்க ஒரு சுற்று வந்தது.

மிளகு வியாபாரிதான் முதலில் எழுந்தார். "ஏனுங்க இன்ஸ்பெக்டரு, பேசக் கூடாதுங்கறது கண்டக்டருக்குத்தானுங்க? எங்களுக்கும் சேத்திங்களா?"

"கண்டக்டருக்குத்தான். பயணிகள் பேசிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவ்வளவு போதும் எனக்கு. பின்பக்கம் திரும்பி, "கண்டக்டரே, வெரல விரிங்க" என்றேன். வாயில் வந்த முதல் வார்த்தையைக் கலைத்துப் போட்டேன். பஸ் அடுத்த வளைவில் திரும்புவதற்குள் அவர் கை மூடிவிட்டது. இன்னொன்று போட்டேன், மூடினார். மிளகு வியாபாரி ஒன்று போட்டார், மூடினார். என் தொழிலுக்கே போனேன். ஒன்பது எழுத்து, நுண்ணுயிர்க்கொல்லி. கொ, யி, லி, ண், ர், நு, ல், க், ணு என்று இரண்டு கை விரலிலும் பரப்பினேன். இதோடு சோளக்காடு வந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டே வளைவு. இரண்டு கையையும் மூடிக்கொண்டு, இன்னும் கொடு என்பதுபோலப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. படித்த படிப்பெல்லாம் மூளையில் இருந்து வழித்துத் துடைத்த மாதிரி போய்விட்டது. பஸ்ஸில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பாதி மலை மீதி இருந்தது. அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். இவர் போய்விட்டால் நானும் இந்த வேலையில் இருக்கப் போவதில்லை என்று அந்த நேரத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அப்போது கருவாட்டுக்காரம்மா கூடையைத் தாண்டிக் குனிந்து, கம்பியைப் பிடிக்காத அவருடைய கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"தம்பி, இந்தா. பூ. ளே. டா. ஞை. மு." ஆறாவதுக்கு விரல் இல்லாமல் கொஞ்சம் யோசித்து, தன் கட்டை விரலையே நீட்டினார். "றோ."

கண்டக்டரின் கண் விரிந்தது. பார்வை ரோட்டுக்குப் போனது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. ஒரு வளைவு போயிற்று, கை மூடவில்லை. இன்னொன்று போயிற்று, மூடவில்லை. நெற்றியைச் சுருக்கினார், தலையை ஆட்டினார், மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். வியர்வை காய்ந்துவிட்டது. நாங்களும் எங்கள் விரல்களில் அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு முட்டி மோதினோம். முன்னால் இன்ஸ்பெக்டரின் கை மடியில் விரிந்து கிடந்தது. ஒரு விரல் மெல்ல மடங்கி மடங்கி நிமிர்ந்தது. சோளக்காட்டில் பிரேக் பிடித்தபோதுதான் அத்தனை பேருக்கும் நினைவு வந்தது. அன்றைக்கு ஒரு ஜன்னலில்கூட யாரும் தலையை நீட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி நின்று எழுதினார்: கண்டக்டர் இருக்கையை விட்டு எழவில்லை, பேசவில்லை, குறை எதுவும் இல்லை. கையெழுத்தும் போட்டார். அதன்பிறகும் கண்டக்டர் அதே ரூட்டில்தான் பல வருடம் ஓடினார், பின்சீட்டில் உட்கார்ந்தபடியே. எழுத்துகளை நாங்கள் அவருக்குப் போட்டோம். ஆனால் அன்றைய கதை கையெழுத்தோடு முடியவில்லை.

பேனாவை மூடாமலேயே இன்ஸ்பெக்டர் கருவாட்டுக்காரம்மாவிடம் வந்தார். "அம்மா, அது என்ன வார்த்தைங்க? எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது." சந்தைக்கு வந்தவர்களும் சேர்ந்து கூட்டமாகச் சுற்றி நின்றோம். கண்டக்டர் விரித்த கையை விரித்தபடியே நின்றார்.

"வார்த்தையா? எனக்கெங்க சாமி தெரியும்? வாயில வந்ததச் சொன்னேன்."

"ஏனுங்கக்கா, அப்ப அதுல வார்த்தையே இல்லீங்களா?" என்று விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார் கண்டக்டர்.

"நீ மட்டும் என்ன தம்பி? இத்தன வருசமா வெரலுக்கு ஒண்ணு வாயில வந்தத வெச்சுட்டுத்தான போற? நானும் கீழ உழுந்துறாமப் புடிச்சுட்டு மேல வந்து உதறிட்டுப் போயிருவேன். அதுக்குள்ள வார்த்தை வேற இருந்துச்சா?"

பஸ் ஸ்டாப்பே அதிர்ந்தது. மிளகு வியாபாரி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், அதையும் கேட்கவில்லை. கருவாட்டுக்காரம்மாவைக் கையைப் பிடித்து டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார். எதிரே குந்தி உட்கார்ந்து, அவருடைய விரல்களில் மெல்லச் சொன்னார்.

"டு. க. வா. ரு. இதுல ஒண்ணு இருக்குதுங்கக்கா. சத்தியமா இருக்குது. நீங்க கண்டுபிடிச்சாத்தான் வண்டி எடுப்பேன்."

டீ ஆறியது. நாங்கள் எல்லோரும் கையை மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு நின்றோம். அந்த அம்மா விரல்களை மடக்கினார், நீட்டினார், மாற்றிப் பிடித்தார், உதட்டுக்குள் முணுமுணுத்தார். திடீரென்று விரல்கள் நின்றன. முகம் அப்படியே மலர்ந்தது. வலது கையை இறுக்கி மூடி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"அட சாமி, கருவாடு!" என்று கத்தினார் அவர். "நெசமாவே உள்ள இருக்குதே!"

கண்டக்டர் அப்போதுதான் சிரித்தார். சிரித்துவிட்டு, பழக்கதோஷம், "அர்த்தம் சொல்லுங்கக்கா" என்றார்.

அந்த அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கூடை மேல் கட்டியிருந்த சாக்கைச் சரக்கென்று பிரித்து, குந்தியிருந்தவரின் மூக்குக்கு நேராகத் தூக்கி நீட்டினார்.

"இந்தா தம்பி, அர்த்தம்."

எழுபது வளைவுக்கும் தாக்குப்பிடித்த மனிதர், எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் ஓடினார். அங்கிருந்து வந்த சத்தம் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம்.

இன்ஸ்பெக்டர் டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நின்றுகொண்டிருந்த பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"வண்டி ஓடறப்ப நடக்கறதுதானுங்க நமக்கு. நிக்கறப்ப ஆரு என்ன பண்ணுனா நமக்கென்னங்க? அக்கா, அந்தக் கருவாட்டுல கால் கிலோ போடுங்க."